பெரியம்மாவின் பழைய ஃபைலும் என் எண்டோமெட்ரியோசிஸும்

குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "எங்க வீட்ல யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்லை டாக்டர். இவளுக்குத்தான்." டாக்டரும் 'குடும்பத்தில் இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அம்மா பொய் சொல்லவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேரையே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். பேரே கேள்விப்படாத நோய் வீட்டில் யாருக்கெல்லாம் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இது குடும்ப வழியில் வரக்கூடிய நோய் என்பதற்கு நாற்பது வருடத்துக்கும் மேலாக ஆதாரம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நம் வீடுகளில் மட்டும் அந்த வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. நமக்கு முந்தைய தலைமுறைப் பெண்களுக்கு யாரும் நோயின் பெயரை எழுதிக் கொடுக்கவில்லை. வலி இருந்தது, வெந்நீர் ஒத்தடம் இருந்தது, மாத்திரை இருந்தது. கடைசியில் 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்ற ஒரு வரி இருந்தது. அத்தோடு பேச்சு முடிந்தது.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருப்பையின் உட்சுவரில் மாதாமாதம் வளர்ந்து உதிரும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, அதாவது வயிற்றின் உள்ளுறையில், சினைப்பையில், குடலுக்கும் கருப்பைக்கும் நடுவில், சிறுநீர்ப்பையின் மேல் ஒட்டி வளர்கிறது. ஹார்மோன் ஏறி இறங்கும்போது அங்கேயும் அழற்சி வருகிறது, கசிகிறது, தழும்பாகிறது, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. சினைப்பைக்குள் வந்தால் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அதன் நிறத்தை வைத்து சாக்லேட் சிஸ்ட் என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

இத்தனை பேருக்கு இருந்தும் கண்டுபிடிக்க வருடக்கணக்காவதற்குக் காரணம், நோய் எல்லோரிடமும் ஒரே முகத்தைக் காட்டுவதில்லை. எனக்குப் பத்தாம் வகுப்பில் தொடங்கிய வலிக்கு முப்பது வயது தாண்டித்தான் பெயர் கிடைத்தது. நடுவில் அதற்கு வேறு வேறு பெயர்கள் இருந்தன. வயிறு உப்புவதால் கேஸ். மலம் கழிக்கும்போது உயிர் போகிறதென்றால் மூலமாக இருக்கும். ஒருமுறை அப்பெண்டிக்ஸ் என்று ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு டாக்டர் வயிற்று டிபியைச் சந்தேகப்பட்டார். நம் ஊரில் அது நியாயமான சந்தேகம்தான். டிபியும் வயிற்றுக்குள் இதே மாதிரி ஒட்டல்களை உண்டாக்கும், சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையில் இரண்டு நோயிலுமே அளவு கூடலாம். வீட்டில் சொன்ன வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "கல்யாணம் ஆனா சரியாயிடும்." கல்யாணம் ஆனது. தாம்பத்தியத்திலும் வலித்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

எந்த வலி எப்போது வருகிறது என்று டாக்டரிடம் சொல்லத் தெரிந்திருப்பது அவ்வளவு முக்கியம். பீரியட்ஸின்போது வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது ஆசனவாய்ப் பக்கம் குத்துவது, சிறுநீர் போகும்போது எரிவது, உறவின்போது உள்ளே ஆழத்தில் வலிப்பது, இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் வலி, தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. இவற்றில் பலவும் மாதவிலக்கை ஒட்டி ஏறி இறங்கினால் எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வேண்டும். குழந்தை தங்காமல் இருப்பதும் ஒரு அறிகுறி. சிலருக்கு அது மட்டுமே அறிகுறி, வலியே இருக்காது. இந்த நோயில் என்னை மிகவும் குழப்பியதும் இதுதான். டாக்டர்கள் இதை ஒன்றிலிருந்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். நான்காம் நிலையில் இருப்பவர் வலியே தெரியாமல் வேலைக்குப் போய் வரலாம். முதல் நிலையில், ஊசி நுனியளவு புள்ளிகள் மட்டும் இருப்பவர் தரையில் சுருண்டு கிடக்கலாம். அந்த நிலை உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். வலியின் அளவை அது சொல்லாது. மெல்லிய மேற்பரப்புப் புள்ளிகள் சாதாரண ஸ்கேனில் தெரிவதும் இல்லை. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற தாளை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வலியைப் பொய் என்று யாரும் சொல்லக் கூடாது. எனக்குச் சொன்னார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி ஆபரேஷன் எனக்கு முடிந்து வீட்டில் இருந்த நாட்களில் அருப்புக்கோட்டையிலிருந்து பெரியம்மா பார்க்க வந்தார். என் லேப்ராஸ்கோபி ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என் சீட்டுலயும் இருந்துச்சுத்தா" என்றார்.

அவர் காட்டியது 'சாக்லேட் சிஸ்ட்'.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தச் சீட்டைத் தேடி எடுத்தோம். பீரோவில் பத்திரங்களுக்கு அடியில், ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள், ஓரம் நைந்த காக்கி நிற ஃபைல். 1994-ல் கர்ப்பப்பையை எடுத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. டைப்ரைட்டரில் அடித்த எழுத்து. 'ஓ' வரும் இடமெல்லாம் தாள் பொத்தல். நோய் என்ற இடத்தில் 'அதிக ரத்தப்போக்கு' என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, ஆபரேஷனில் கண்டது என்ற தலைப்பில் இரண்டே வரி: இடது சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், கருப்பைக்குப் பின்னால் குடலோடு கடுமையான ஒட்டல். டாக்டர் கண்ணால் பார்த்திருக்கிறார், கையால் பிரித்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். பெரியம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. "கட்டி இருந்துச்சு, எடுத்துட்டோம்னாங்க. நான் என்னத்தக் கேக்க?" என்றார். அப்போது அவருக்கு வயது 36.

அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவும் பெரியம்மாவும் பேசியதை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது 'யாருக்கும் இல்லை' என்ற அதே அம்மா, யாருக்கெல்லாம் தூரமான நாளில் எழுந்திருக்க முடியாது என்று கேட்டதும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அப்பத்தா அந்த மூன்று நாளும் வெறும் தரையில் குப்புறப் படுத்துக் கிடப்பாராம். பெரிய அத்தைக்குக் குழந்தையே இல்லை. ராமேஸ்வரம் போகாத வருடம் கிடையாது. அம்மாவுக்கே நான் பிறக்கும் வரை வலி இருந்திருக்கிறது. "எங்களுக்கும் இருந்துச்சுத்தா. வலிக்கத்தான் செய்யும்னு இருந்துட்டோம்" என்றார். அதில் புகாரே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இந்த இடத்தில் என் சொந்தக்காரர்கள் கதையை விட்டு, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன்.

1920-களில் அமெரிக்காவில் அல்பனி நகரத்து டாக்டர் ஜான் சாம்ப்சன், மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய் அங்கே ஒட்டி வளர்வதால்தான் இந்த நோய் வருகிறது என்று விளக்கினார். இன்றும் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். ஆனால் இப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவது பத்தில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவரிடம் என்ன வேறுபாடு என்ற கேள்விதான் மரபணுக்களிடம் கொண்டுபோய் விட்டது.

1980-ல் ஜோ லீ சிம்ப்சனும் அவருடைய குழுவும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோயுள்ள பெண்களின் அம்மாக்களில் 8.1 சதவீதம் பேருக்கும், வயது வந்த சகோதரிகளில் 5.9 சதவீதம் பேருக்கும் இதே நோய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது யாரை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்: அந்தப் பெண்களின் மாமியார்களையும் நாத்தனார்களையும். கிட்டத்தட்ட அதே வாழ்க்கை, வேறு ரத்தம். அவர்களில் ஏறக்குறைய 1 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. உறவில் இன்னொருவருக்கும் நோய் இருந்த பெண்களிடம் அது கடுமையாக இருந்ததையும் அப்போதே கவனித்திருக்கிறார்கள்.

அக்காவுக்குக் கண்டுபிடித்தால் தங்கையையும் பரிசோதிப்பார்கள், அதனால்தான் குடும்பத்தில் கூடுதலாகத் தெரிகிறது என்று இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நல்ல மறுப்பு. அதற்குப் பதில் குரங்குகளிடமிருந்து வந்தது. ரீசஸ் குரங்குகளுக்கும் மாதவிலக்கு உண்டு, எண்டோமெட்ரியோசிஸும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் தலைமுறை தலைமுறையாக வம்சாவளி எழுதி வளர்க்கப்பட்ட குரங்குகளிடையே நோய் சில குடும்பங்களில் குவிந்திருப்பதை 2004-ல் காட்டினார்கள். அக்கா சொல்லி எந்தக் குரங்கும் டாக்டரிடம் போவதில்லை. மனிதர்களில் இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, யாருக்கு நோய் வருகிறது என்ற வேறுபாட்டில் 51 சதவீதம் மரபணு சார்ந்தது என்றது. 2015-ல் ஸ்வீடன் இரட்டையர் ஆய்வில் 47 சதவீதம் வந்தது. இரண்டு நாடு, ஏறக்குறைய ஒரே விடை.

இந்த 51-ஐப் பல இடங்களில் தப்பாக எழுதுகிறார்கள். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர 51 சதவீத வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதற்கான காரணங்களில் ஏறத்தாழ பாதி மரபணுவில் இருக்கிறது என்றுதான் பொருள். மகளுக்கு வாய்ப்பு கூடுதல், அது உண்மை. வந்தே தீரும் என்பது உண்மையில்லை.

எந்த மரபணு என்று தேடிப் போனால் ஒற்றைக் குற்றவாளி யாரும் அகப்படவில்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒரே ஆற்றால் நிறைவதில்லை. பேர்கூட இல்லாத சின்னச் சின்ன ஓடைகள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்துதான் மறுகால் பாயும். இந்த நோயின் மரபணுக் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் அற்பம். 2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 9-ஆம் குரோமோசோமில் ஒரு இடத்தைக் கண்டார்கள். அடுத்த வருடம் ஆஸ்திரேலிய, ஆக்ஸ்ஃபோர்டு குழுக்கள் 7-ஆம் குரோமோசோமில் இன்னொன்றைச் சொன்னார்கள். அது கடுமையான நோயுள்ளவர்களிடம் அழுத்தமாகத் தெரிந்தது. பிறகு கருப்பை உருவாகும் காலத்திலேயே வேலை செய்யும் டபிள்யூஎன்டி4, ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனைப் பெறும் ஈஎஸ்ஆர்1, முட்டை வளர்ச்சிக்கான ஹார்மோனோடு தொடர்புள்ள எஃப்எஸ்ஹெச்பி என்று வரிசை நீண்டது. ஈஸ்ட்ரோஜெனை அடக்கும் மாத்திரைகள் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள்.

2023-ல் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வுதான் என் குடும்பத்தை எனக்குப் புதிதாகக் காட்டியது. நோயுள்ள 60,674 பெண்கள், ஒப்பிட 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயோடு தொடர்புள்ள 42 இடங்கள் மரபணுத் தொகுதியில் கிடைத்தன. அதில் இரண்டு சேதிகள் முக்கியம். முதலாவது, சினைப்பையில் கட்டியாக வரும் வகைக்கும் மேற்பரப்பில் புள்ளியாக வரும் வகைக்கும் மரபணு அடிப்படை ஒன்றாக இல்லை. ஒரே பெயரில் நாம் அழைக்கும் நோய்க்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருக்கலாம். இரண்டாவது, எண்டோமெட்ரியோசிஸுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் முதுகுவலிக்கும் உடம்பின் பல இடங்களில் நீடிக்கும் வலிக்கும் பொதுவான மரபணு அடிப்படை இருக்கிறது. நரம்பு வளர்ச்சியோடு தொடர்புள்ள என்ஜிஎஃப் போன்ற, வலியை உணர்வதில் பங்குள்ள மரபணுக்கள் அங்கே இருக்கின்றன.

பெரியம்மாவுக்கு மாதம் தவறாமல் ஒற்றைத் தலைவலி வரும். துண்டை நனைத்து நெற்றியில் கட்டிக்கொண்டு இருட்டறையில் கிடப்பார். எனக்கும் அதே தலைவலி உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இருப்பதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும், 'இவளுக்கு எப்பப் பார்த்தாலும் எங்கயாவது வலி' என்று சொல்லப்பட்டே வளர்ந்த பெண்ணுக்கு, வலி வரும் பாதைக்கே பரம்பரையில் ஒரு வேர் இருக்கலாம் என்று படிப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

இவ்வளவு பெரிய ஆய்வும் நோயின் வேறுபாட்டில் அதிகபட்சம் 5 சதவீதத்தைத்தான் விளக்குகிறது. இரட்டையர் ஆய்வு சொன்ன பாதிக்கு இது எங்கேயோ கீழே. எனவே ரத்தத்தையோ எச்சிலையோ கொடுத்தால் மரபணு பார்த்து எண்டோமெட்ரியோசிஸ் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். இன்னொரு குறை நமக்கே உரியது. அந்த 60,674 பேரும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளியினர். நம்மவர்கள் அதில் இல்லை. பல நூறு வருடங்களாகச் சாதிக்குள்ளேயே, அதிலும் தெற்கே சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்த நம்மிடம் மரபணு மாற்றங்கள் பரவியிருக்கும் விதமே வேறு. லண்டனிலோ டோக்கியோவிலோ கண்டதை அப்படியே நம் மேல் பொருத்த முடியாது.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மும்பையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனம் ஆக்ஸ்ஃபோர்டோடு சேர்ந்து, நாட்டின் பல பகுதிகளிலுள்ள மருத்துவமனைகளை இணைத்து இந்தியப் பெண்களுக்கான ஆய்வைத் தொடங்கியது. எண்டோமெட்ரியோசிஸ் கிளினிக்கல் அண்ட் ஜெனெடிக் ரிசர்ச் இன் இந்தியா என்று பெயர். நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும், உலக அளவில் ஒரே மாதிரி வகுத்த படிவங்களில் வலி, மாதவிலக்கு, குழந்தைப்பேறு எல்லாவற்றையும் கேட்டுப் பதிவு செய்து, கூடவே மரபணுவையும் பார்ப்பது அதன் திட்டம். அறிகுறியையும் மரபணுவையும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை. அப்படிப்பட்ட படிவத்திலும் குடும்பத்தைப் பற்றிய கேள்வி வரும். அங்கே உட்காரும் பெண்ணின் அம்மாவும் 'யாருக்கும் இல்லை டாக்டர்' என்றுதானே சொல்வார்?

கர்ப்பப்பையை எடுப்பது எவ்வளவு தடயங்களை அழிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2015–16-ல் முதன்முறையாகக் கர்ப்பப்பை அகற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, நாடு முழுக்க 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் எடுத்திருந்தார்கள். ஆந்திராவும் தெலங்கானாவும் அதில் மிக மேலே இருந்தன. அதிக ரத்தப்போக்கு, வலி என்று போனவர்கள் எத்தனை பேருக்கு உள்ளே எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. குடலின் மேலும் உள்ளுறையிலும் இருக்கும் திசுவை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரவும் செய்யும். பெரியம்மாவுக்குத் தொடர்ந்தது.

புற்றுநோய் பயம் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல், புற்றுநோயில் காணப்படும், கேஆர்ஏஎஸ் போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் ஆழமாக வளர்ந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் இருப்பதாக ஒரு ஆய்வு வந்ததும் பலர் கலங்கிப்போனார்கள். அவை அம்மாவிடமிருந்து வந்தவை இல்லை, அந்தத் திசுவில் பின்னாளில் உண்டானவை. அந்தப் பெண்களுக்குப் புற்றுநோயும் இல்லை. சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இந்த நோயால் சற்றுக் கூடுகிறது. மேலைநாட்டுக் கணக்கில் வாழ்நாளில் 100 பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் என்பது, இந்த நோய் இருந்தால் இரண்டு பேருக்குச் சற்றுக் கீழ் என்று ஆகிறது. கவனம் போதும், பீதி வேண்டாம்.

ஃபைல் கிடைத்த பிறகு மறுபடி டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு தாளை எடுத்துக் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்றதும் அவர்களை இணைக்கும் கோட்டை இரட்டைக் கோடாக்கினார். அப்படியென்றால் அப்பத்தா அம்மாவுக்கும் அத்தை. அவருடைய வலி எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம். பெரியம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். அப்பத்தா, பெரிய அத்தை, அம்மா வட்டங்களுக்குள் கேள்விக்குறி போட்டார். அப்பா வழிப் பெண்களையும் விடாமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவிடமிருந்தும் பாதி மரபணு வருகிறது என்பதை நாம் மறந்தே போகிறோம். சின்ன அத்தைக்கு சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வீங்கி வலிக்கும் ஒரு கட்டி இருந்ததைச் சொன்னபோது மட்டும், அது ஆபரேஷனின்போது திசு அங்கே ஒட்டியதால் வந்திருக்கலாம், பரம்பரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.

பெரியம்மாவின் பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. மாதத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக முடியாமல் வாந்தியும் வலியுமாகக் கிடக்கிறாள். போன கோடை விடுமுறையில் அவளை அதே டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஃபைலைக் கையில் கொண்டுவந்தது பெரியம்மாதான். கேட்பதற்கு முன்பே, "எனக்கு இருந்துச்சு டாக்டர், இவ சித்திக்கும் இருக்கு" என்று என்னைக் காட்டினார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் லேப்ராஸ்கோபி செய்து பார்த்த பிறகுதான் வைத்தியம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டியே அறிகுறிகளை வைத்து மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. அவளுக்கு ஹார்மோன் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். எண்டோமெட்ரியோசிஸ்தான் என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. காலாண்டுப் பரீட்சை எல்லாத் தாளும் எழுதினாள். அடுத்த பரிசோதனை பொங்கலுக்குப் பிறகு.